கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: 37 நாள் பார்த்த பிறகு எழுதுகிறேன்

என் கணவருக்குச் சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. கடைசி 6 வருடமாகக் காலை, இரவு இரண்டு வேளையும் 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போன ஏப்ரலில் ஒரு வாரமாகக் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 150-க்குக் கீழே வரவே இல்லை. ஒரு நாள் 171. இரவு ஊசியில் இரண்டு யூனிட் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் டாக்டரிடம் போனோம். பேச்சோடு பேச்சாக, "ராத்திரி ரொம்ப வேர்க்குது டாக்டர், தலகாணி உறையே நனைஞ்சுபோகுது" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "டீச்சர், ராத்திரி மூணு மணிக்கு என்ன இருக்குன்னு தெரியாம நான் ஒரு யூனிட்கூட ஏத்த மாட்டேன்" என்றார்.

கையில் ஒட்டிவிட்டால் இரவும் பகலும் சர்க்கரையை அளந்து போனில் காட்டும் இந்தக் கருவி அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். ஒரு சென்சார் 4,700 ரூபாய், 14 நாள் ஓடும். இதுவரை மூன்று சென்சார் ஒட்டியிருக்கிறோம். எந்த நிறுவனத்துடையது என்று எழுதவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு நிறுவனத்தின் பொருளை மட்டும்தான்; மற்றவற்றோடு ஒப்பிட்டுச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நான் எழுதப்போகிறவற்றில் பெரும்பகுதி இந்த வகைக் கருவி எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஏனென்றால் உள்ளே இருக்கும் வேதியியல் பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்த வேதியியலை முதலில் சொல்லிவிடுகிறேன். 31 வருடம் அதைத்தான் பாடம் நடத்தினேன். காரைக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்டது. பொதுமக்கள் பார்க்க அனுமதிக்கும் நாட்களில் பிளஸ் டூ பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். மின்வாய், அதாவது கரைசலுக்குள் மின்சாரம் போய்வர வழியாக நிற்கும் கம்பி, என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டு விளங்காத பெண்களுக்கு, அங்கே குடுவைக்குள் இரண்டு கம்பி நிற்பதைப் பார்த்ததும் விளங்கிவிடும். அதே மின்வாய் ஒரு நாள் என் கணவரின் கைக்குள் போகும் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

சென்சார் வெளியே பார்க்கப் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டம். மூன்று நாணயத்தை அடுக்கி வைத்த தடிமன். அதன் அடியில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு முடிபோல ஓர் இழை. அந்த இழைதான் மின்வாய். அதன் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை, அதாவது வேதிவினையை நடத்திவைக்கும் புரதத்தை, பூசி, மேலே ஒரு மெல்லிய சவ்வு போட்டிருப்பார்கள். இந்த நொதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? வெங்காயத்தின் மேல்தோலை உரிக்கும்போது கரிப்பொடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, பெரும்பாலும் அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. அந்தப் பூஞ்சையிலிருந்துதான் நொதியை எடுக்கிறார்கள். குளுக்கோஸை அது பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து எலக்ட்ரான்களை உருவி ஆக்சிஜனிடம் கொடுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அந்தப் பெராக்சைடு மின்வாயில் சிதையும்போது மின்னோட்டம் வரும். குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். அது நானோ ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும், அதாவது ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில். அந்தத் துளி மின்னோட்டத்தை அளந்து, 126 என்றோ 204 என்றோ எண்ணாக மாற்றிப் போனுக்கு அனுப்புகிறது.

லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் 1956-ல் ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் மின்வாயைச் செய்தார். 1962-ல் அவரும் லையன்ஸும், அதே மின்வாயின் மேல் நொதியை வைத்தால் குளுக்கோஸையும் அளக்கலாம் என்று எழுதினார்கள். நாம் விரலில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் கையில் ஒட்டும் இந்த வட்டமும் அந்த யோசனையின் வம்சம்தான். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் 1984. எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுக்காமல், இரண்டு கார்பன் வளையத்துக்கு நடுவே இரும்பு அணு உட்கார்ந்திருக்கும் ஃபெர்ரோசீனிடம் கொடுக்கலாம் என்று இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டிலும் கிரான்ஃபீல்டிலும் இருந்தவர்கள் செய்துகாட்டினார்கள். 1987-ல் பேனா வடிவத்தில் வீட்டு மீட்டர் சந்தைக்கு வந்தது அதனால்தான். நோயாளி தானே வீட்டில் பார்த்துக்கொள்ள முடிந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, இன்சுலின் போடுகிறவர் இருக்கும் வீட்டில்தான் தெரியும்.

சரி, கருவிக்கு வருகிறேன்.

ஒட்டுவது சுலபம். முழங்கைக்கு மேலே, கையின் பின்பக்கச் சதையில் ஸ்பிரிட் தேய்த்து, காயவிட்டு, டப்பா மாதிரி இருப்பதை வைத்து அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி உள்ளே போய் இழையை விட்டுவிட்டுத் தானே வெளியே வந்துவிடும். "எப்பப் போடுவே?" என்று இவர் கேட்டார், நான் போட்டு முடித்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எண் வர ஆரம்பித்தது.

முதல் நாள் எண்ணை நம்பாதீர்கள். எங்களுக்கு முதல் நாள் சென்சார் 148 காட்டியபோது விரல் ரத்தம் 181 காட்டியது. தோலுக்குள் புதிதாக ஒரு பொருள் நுழைந்திருக்கிறது, அந்த இடம் கொஞ்சம் புண்பட்டிருக்கும், அடங்க நேரம் வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து நெருங்கிவந்தது. நான் ஒரு நோட்டில் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிவந்தேன். முதல் நாளையும் இரவு அலாரத்தின்போது எடுத்தவற்றையும் தள்ளிவிட்டு 22 ஜோடி எண்கள். அதில் 19 ஜோடியில் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருந்தது. மீதி மூன்றும் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்துக்குள் எடுத்தவை.

அந்த மூன்றும் ஏன் தப்பின என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கருவியைச் சரியாகப் பயன்படுத்த முடியும். இழை ரத்தக்குழாயில் இல்லை. செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தில் இருக்கிறது. கண்மாயில் மடையைத் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும் இல்லையா, அதுபோல ரத்தத்தில் ஏறிய சர்க்கரை இந்தத் திரவத்துக்கு வந்துசேர 5 முதல் 10 நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்போது சென்சார் பின்தங்கி ஓடும். இறங்கும்போதும் அப்படித்தான். அதனால் எண்ணோடு பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியையும் பார்க்க வேண்டும். 95 என்று காட்டி அம்பு பக்கவாட்டில் பார்த்தால் நிம்மதி. அதே 95-க்கு அம்பு செங்குத்தாகக் கீழே பார்த்தால், ரத்தத்தில் ஏற்கெனவே 80-க்கு வந்திருக்கலாம்.

இனி இரவுகள். இதற்காகத்தானே வாங்கினோம்.

இரண்டாம் இரவு 1.50-க்கு அலாரம் அடித்தது. 52. எனக்குக் கைகால் ஓடவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கரைக்க ஓடினேன். பிறகு நின்று, முதலில் விரலில் குத்திப் பார்க்கலாம் என்று பார்த்தேன். 118. இவர் இடது கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சென்சாரும் இடது கையில். உடம்பின் எடை அந்த இடத்தை அழுத்தும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, இழையைச் சுற்றியுள்ள திரவத்தில் குளுக்கோஸ் குறைகிறது. கருவி பொய் சொல்லவில்லை, அந்த அரை சென்டிமீட்டரில் உண்மையிலேயே குறைவுதான். ஆனால் உடம்பு முழுக்க அப்படி இல்லை. அவரைத் திரும்பிப் படுக்கச் சொன்னேன், கால் மணி நேரத்தில் கோடு மேலே ஏறிவிட்டது. இப்படிப்பட்ட பொய்த் தாழ்வுக்குக் கோட்டில் ஓர் அடையாளம் உண்டு: கிணற்றில் கல் போட்டதுபோல 'தொப்'பென்று விழும், அதே வேகத்தில் மேலே வரும்.

நான்காம் இரவு 2.40-க்கு மறுபடி அலாரம். 60. இந்த முறை மல்லாந்து படுத்திருந்தார். கோடு 11 மணியிலிருந்தே சரிவில் உருளுவதுபோல நிதானமாக இறங்கி வந்திருந்தது. விரலில் 57. நெற்றி முழுக்க வேர்வை, எழுப்பினால் "ஒண்ணும் இல்ல, நீ தூங்கு" என்கிறார். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 88. அன்று காலை வெறும் வயிற்றில் 164. அந்த 164-ஐ மட்டும் பார்த்திருந்தால் ஊசியைக் கூட்டியிருப்போம். இரவு மூன்று மணிக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தவருக்கு இன்னும் இரண்டு யூனிட். இதை எழுதும்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நோட்டையும் போனையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். முதல் வாரக் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் படம் ஒன்று செயலியில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இரவு ஊசியைக் குறைத்தார், நேரத்தையும் மாற்றினார். எத்தனை யூனிட் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, அது இவருடைய உடம்புக்கு. வயதானவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இருக்கும் நேரம் நாளில் 1 சதவீதத்துக்குள், அதாவது கால் மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2019-ல் உலக அளவில் வல்லுநர்கள் வகுத்த இலக்கு. எங்கள் முதல் சென்சாரில் அது 5 சதவீதம். அதாவது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே, அதுவும் பெரும்பாலும் தூக்கத்தில். மூன்றாவது சென்சாரில் 1 சதவீதத்தைத் தொடவில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் இந்தப் பள்ளங்கள் தெரியவே தெரியாது. மேடும் பள்ளமும் சேர்ந்து நல்ல சராசரியாக வந்துவிடும்.

சாப்பாடு பற்றியும் தெரிந்துகொண்டோம், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று இட்லி, சாம்பார்: உச்சம் 214. அதே மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் 20 நிமிடம் நடந்த நாளில் 172. கவுனி அரிசி சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று சொல்லி விசேஷ வீடுகளில் இவருக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே வைப்பார்கள். சர்க்கரையும் தேங்காயும் போட்ட அந்தக் கவுனி அரிசி 240-க்குக் கொண்டுபோய்விட்டது. நான் ஆறு வருடமாகச் சொல்லியும் நடக்காத மனிதர், அந்தக் கோடு வளைவதைத் தன் கண்ணால் பார்த்ததிலிருந்து தினமும் மாடிக்குப் போகிறார்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் சென்சார் ஒன்பதாம் நாள் செத்துவிட்டது. அது மே மாதம். பார்சல் எங்கள் ஊர் கூரியர் அலுவலகத்தில் இரண்டு நாள் கிடந்தது. போய்க் கேட்டபோது தகரக் கூரைக்குக் கீழே அட்டைப்பெட்டிகளோடு பெட்டியாக வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருக்கிறது. நொதி ஒரு புரதம், வெயிலில் வேகும். வெயில்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அதற்குப் பிறகு வாங்கிய இரண்டையும் மகள் நேரில் கொண்டுவந்தாள், இரண்டும் 14 நாள் முழுதாக ஓடின. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, சென்சாரின் வரிசை எண்ணையும் படத்தையும் அனுப்பிய பிறகு மாற்று சென்சார் கொடுத்தார்கள். ஆனால் 11 நாள் ஆனது, நான்கு தடவை ஒரே கதையைச் சொல்ல வேண்டியிருந்தது, நான்கும் ஆங்கிலத்தில். என்னால் முடிந்தது. பக்கத்து வீட்டு அக்காவால் முடியாது.

செயலியும் அப்படித்தான், தமிழ் இல்லை. ஆபத்து அலாரம் வரும்போது திரையில் வரும் வாக்கியத்தைப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் இருக்கலாம் என்று செய்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இது என் மனதில் உள்ள பெரிய குறை.

பசை எங்கள் வெயிலுக்கு முழுமையாகத் தாங்கவில்லை. ஏழெட்டு நாளில் ஓரம் தூக்க ஆரம்பிக்கும், மேலே ஒட்டும் பட்டை ஒன்று தனியாக வாங்கினோம். குளிக்கலாம், தவறில்லை. ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அந்தக் கையை விட்டுவிடுங்கள். நல்லெண்ணெய் பசைக்குள் இறங்கினால் பெயர்ந்து கையோடு வந்துவிடும். இதே காரணத்தால் 14 நாள் முடிந்து எடுக்கும்போது தேங்காய் எண்ணெயை ஓரத்தில் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் வலிக்காமல் வரும். மூன்றாவது தடவை ஒட்டிய இடத்தில் வட்டமாகச் சிவந்து அரித்தது, இரண்டு நாளில் போய்விட்டது. அதனால் கை மாற்றி மாற்றி ஒட்டுங்கள்.

இன்னொன்று, மாத்திரைகள். மின்வாய்க்குக் குளுக்கோஸ் என்று தனியாகக் கண் இல்லை. அங்கே எது எலக்ட்ரானைக் கொடுத்தாலும் அதை மின்னோட்டமாகத்தான் எண்ணும். வைட்டமின் சி நன்றாக எலக்ட்ரான் கொடுக்கும் பொருள், பழைய சில சென்சார்களில் பாராசிட்டமால்கூட எண்ணை ஏற்றிக் காட்டும். இவர் கொரோனா காலத்திலிருந்து தினம் ஒரு வைட்டமின் சி மாத்திரை சப்பிக்கொண்டிருந்தார். துண்டுச்சீட்டில் அதைப் பற்றி எச்சரிக்கை இருந்ததால் டாக்டரைக் கேட்டு நிறுத்தினோம். அந்தச் சீட்டை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போவதற்கு முன் சென்சாரைக் கழற்றச் சொல்வதும் அதில்தான் இருக்கிறது.

நொதி எது என்பதும் சின்ன விஷயம் இல்லை. விரல் ஸ்ட்ரிப்களில் ஒரு காலத்தில் பயன்படுத்திய ஒரு வகை நொதி, மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் ஒரு திரவம் உடம்பில் மால்டோஸாக உடையும். மீட்டர் கூடுதலாகக் காட்ட, அதை நம்பி இன்சுலின் கொடுக்க, 1997-லிருந்து 2009 வரை 13 மரணங்கள் இதனோடு தொடர்புடையவை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் எச்சரித்தது. வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருந்தால், எந்த மீட்டர் வாங்குவது என்று மருத்துவமனையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விரல் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று மகள் கேட்டாள். கூடாது. அந்த இரண்டாம் இரவில் மீட்டர் இல்லாவிட்டால் 118-ல் இருந்தவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருப்பேன். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் குத்திப் பார்ப்பதுதான் வழி. அதையும் கை கழுவிவிட்டுச் செய்யுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு ஒரு நாள் எனக்கு நானே பார்த்தேன், 287. எனக்குச் சர்க்கரை கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 104. விரல் நுனியில் இருந்த மாம்பழச் சாறுதான் அந்த 183. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியையும் எடுத்த உடனே மூடுங்கள், ஈரம் பட்டால் அதற்குள் இருக்கும் நொதியும் கெடும்.

விலையைப் பற்றி. வருடம் முழுக்க ஒட்டினால் 26 சென்சார், 1,22,000 ரூபாய்க்கு மேல். எங்கள் ஓய்வூதியத்தில் அது நடக்காது, பெரும்பாலான வீடுகளிலும் நடக்காது. டாக்டரிடம் பேசி நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: மூன்று மாதத்துக்கு ஒன்று, அல்லது இன்சுலின் அளவை மாற்றினால் அதைத் தொடர்ந்து ஒன்று. நடுவில் விரல் மீட்டர். மாத்திரை மட்டும் சாப்பிட்டு, சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு இதை அவசரமாக வாங்கச் சொல்ல மாட்டேன். இன்சுலின் போடுகிறவர், இரவில் வேர்க்கிறவர், காலையில் தலைவலியோடு எழுகிறவர், தனியாகப் படுக்கிறவர், சர்க்கரை குறைந்தாலும் உடம்புக்கே தெரியாமல் போகிற அளவுக்கு வருடக்கணக்காகச் சர்க்கரை உள்ளவர், இவர்கள் ஒரு தடவையாவது ஒட்டிப் பார்க்க வேண்டும். கடன் வாங்கியாவது என்றுகூடச் சொல்வேன்.

வாங்குகிறவர்கள் பெட்டியில் தேதியைப் பாருங்கள், கோடையில் கூரியரை நம்பாமல் ஏசி உள்ள மருந்துக்கடையில் நேரில் வாங்குங்கள், போனில் அலாரம் சத்தம் கூடுதலாக இருக்கிறதா என்று படுக்கப் போகும் முன் பாருங்கள். ஒட்டி முடித்ததும் அந்த டப்பாவுக்குள் ஊசி இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் குப்பை எடுக்க வருகிற பெண் வெறும் கையால்தான் பிரிக்கிறாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி இறுக்கி வைத்திருந்து, டாக்டரிடம் போகும்போது அங்கே கொடுத்துவிடுகிறேன்.